ஒரு கை நீளமான ஜாக்கெட்

பகல் பதினொன்று நாற்பது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், மெட்ராஸிலிருந்து சேலம் போகும் வண்டி நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. பதினொன்றரைக்கு வரும் வண்டி அது. பத்து நிமிடத் தாமதம் அந்தக் காலத்தில் தாமதக் கணக்கிலேயே வராது. ஆனால் அன்றைக்கு டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். வண்டி வரும் நேரத்தில் அவர் பாலை இறக்கி நான் பார்த்ததே இல்லை. "இனிமே வராதும்மா. ரோட்ட மறிச்சுட்டாங்களாம். புள்ளைய இட்டுக்கினு வூட்டுக்குப் போ" என்றார் அம்மாவிடம்.

அந்த வண்டி ஒழுங்காக வந்து நின்று கிளம்பிப் போயிருந்தால், அதில் வந்த டீச்சர் எங்கள் வீட்டில் தங்கியிருக்கமாட்டார். அவர் யாருக்கும் காட்டாமல் மூடிவைத்திருந்த ஒன்றை நாங்கள் தெருவுக்கே தைத்து மாட்டியிருக்கவும் மாட்டோம்.

உங்களுக்கும் என் வயதென்றால் அந்த வருஷம் நினைவிருக்கும். இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்துக் குடியானவர்கள் சாலையில் இறங்கினார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, தபால் இல்லை. பச்சைப் புளியமரத்தை அறுத்தால் புளித்த மாவும் ஈரமண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். என் அப்பாவின் உள்ளங்கையில் அந்த வாசம் ரொம்ப நாள் இருந்தது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த நேரத்தில் அம்மாவுக்கும் எனக்கும் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கழுத்து பார்க்கிற வேலை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா ஊர் ஓரத்தில் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தார். அம்மா வீட்டில் கால் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். கடைத்தெருவில் பெரிய தையல்கடைக்காரர்கள் வண்ணப்படம் போட்ட மாடல் புத்தகங்களைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மாவுக்குப் புத்தகம் எல்லாம் இல்லை. அவளுக்கு மெட்ராஸ் வண்டிதான் புத்தகம். வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்தில் பட்டணத்துப் பெண்கள் டீ குடிக்கவும் குழந்தைக்கு முகம் கழுவவும் இறங்குவார்கள். அம்மா கையில் ஒரு காலி தூக்குவாளியோடு, யாரையோ வழியனுப்ப வந்தவள்போல நிற்பாள். "நீ முதுகப் பாரு, நான் கையப் பாக்கறேன்" என்பாள். பானைக் கழுத்து, இலைக் கழுத்து, முதுகில் முடிச்சுப் போட்டுக் குஞ்சம் தொங்கும் கழுத்து எல்லாம் என் பங்கு. பஃப் கை, மணி வைத்த கை, முழங்கைக்கு மேலே வெட்டிவிட்ட கை அவள் பங்கு.

பார்த்தாகிவிட்டால் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு நடப்போம். பேசினால் மறந்துவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. வழியில் யாராவது "இன்னாக்கா, எங்க போயிட்டு வர?" என்று கேட்டால் "ம்" என்பாள். "ரெண்டு பேரும் இன்னா மௌன விரதமா?" என்று பின்னாலிருந்து சிரிப்பார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிமென்ட் தரையில் மார்க் போடும் சாக்கட்டியால் வரைவாள். அவள் வரைந்த கைக்கு நான் முதுகு சேர்ப்பேன். பாதி ஒருத்தியிடமிருந்தும் மீதி இன்னொருத்தியிடமிருந்தும் எடுத்து, எங்கேயும் இல்லாத ஒரு ஜாக்கெட் தரையில் வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அம்மா இடுப்பில் கை வைத்து நிற்பாள். அப்படி நிற்கும்போது அவள் அழகாக இருப்பாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. பின்னால் தூசி படிந்த பாதத்தோடு ஒரு பெண். தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் அப்பாவும் சேர்ந்து சாய்த்த மரத்துக்கு முன்னால்தான் மெட்ராஸ் வண்டி நின்றுபோயிருந்தது.

"மலைக்குப் போறாங்களாம். கரியாலூர்ப் பக்கம் இஸ்கூலுக்குப் புது டீச்சராம். ஒண்டியா ஒரு பொம்பளைய ரோட்டுல வுட்டுட்டு வர மனசு வல்ல" என்றார் அப்பா.

"மரத்த வெட்டிப் போட்டதும் நீ, பெட்டியத் தூக்கினு வந்ததும் நீ" என்றாள் அம்மா. டீச்சர் அதற்குச் சிரித்தார். அப்பா சிரிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சாலைக்குப் போய்விட்டார். பாதை திறக்கும்வரை ராத்திரிகளிலும் அவர் அங்கேதான் இருந்தார்.

டீச்சர் முந்தானையை இடது தோள் வழியாக இறக்கி, இடது கை முழுவதையும் விரல்வரை மூடிச் சுற்றியிருந்தார். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வீட்டம்மா ஏதோ கேட்பதுபோல வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதில், "இன்னாக்கா, கையில எவன் பேரையாவது பச்ச குத்தினு வந்திருப்பாளா?" என்றாள். அம்மா, "சும்மா இருடி. படிச்சவங்க, அடக்கமா இருக்காங்க" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

மறுநாள் வீட்டில் ஆண் வாசனையே இல்லை என்று தெரிந்த பிறகு டீச்சர் முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினார். கேட்காமலே அம்மாவிடமிருந்து முறத்தை வாங்கி அரிசி புடைக்க உட்கார்ந்தார். அப்போதுதான் நாங்கள் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தோம். வலது கை எல்லோருக்கும் இருப்பதுபோல முழங்கைக்கு மேலே நின்றது. இடது கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேல்வரை நீண்டது. தோளில் நெருக்கமாகச் சுருக்கு வைத்து, அங்கிருந்து ஒரு பட்டி கழுத்தின் இடது பக்கத்தில் மட்டும் ஏறியது. கரும்பச்சைத் துணி. அவருடைய எல்லா ஜாக்கெட்டும் அந்த வெட்டுதான்.

அந்தத் துணிக்குள்ளே இருந்தது வெந்த கை. காலேஜில் படிக்கும்போது ஸ்டவ் வெடித்திருக்கிறது. மெட்ராஸில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டுவிட்டு டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டவ் என்றாலே ஊர் சேர்த்துச் சொல்கிற கதைகள் வேறு. யாரும் கேட்காத இடமாக இருக்கட்டும் என்று அவராகவே எழுதிக் கேட்டு மலைக்கு வேலை வாங்கிக்கொண்டார். ஒரு ஊராவது தன்னைப் புதிதாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவர் அந்தத் தகரப் பெட்டியோடு கொண்டுவந்த ஆசை. இதெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது மெட்ராஸ் மாடல்.

அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண் பளபளவென்று இருந்தது.

"பாத்தியாடி? ஒரு கை ஜாஸ்தி, ஒரு கை கம்மி!"

"ஏம்மா அப்பிடி?"

"மாவு பெசையற கை, எழுதற கை குட்டை. முந்தானை விழற பக்கம், சும்மா இருக்கற கை நீளம். இன்னா மூள பாரு! வேலைக்கும் ஆச்சு, அழகுக்கும் ஆச்சு."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. பார்த்ததை வைத்து யோசித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தாள். டீச்சரிடம் மட்டும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் என்றைக்குக் கேட்டோம்? கேட்டால் நம்மை யாரென்று பார்ப்பார்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழில்.

டீச்சர் துவைத்த ஜாக்கெட்டை வெளியில் வெயிலில் காயப்போடமாட்டார். உள்ளே கயிற்றில் புடவைக்கு அடியில் மறைத்துப் போடுவார். அதற்கும் அம்மா, "கௌரவமான பொண்ணு" என்றாள். மலைக்கு எப்போது வண்டி விடுவார்கள் என்று விசாரிக்க டீச்சர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனபோது, அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புடவையைத் தூக்கி, ஈரம் காயாத அந்தக் கரும்பச்சை ஜாக்கெட்டை எடுத்துப் பழைய பேப்பர்மேல் விரித்தாள். நான் மூலையை அழுத்திக்கொண்டேன்.

அம்மா இடது கையை உள்புறமாகத் திருப்பினாள். உள்ளே மெத்தென்று பழைய வேட்டித் துணியில் ஒரு லைனிங். வலது கையில் அது இல்லை. லைனிங் முழுக்க மஞ்சள் கறை. ஏதோ களிம்பு வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் ஈரத்தோடு சேர்ந்து வந்தது.

"மஞ்ச பூசிக் குளிக்கற பொண்ணுதான். பட்டணத்துல இருந்தாலும் வுடல பாரு" என்றாள் அம்மா, மெச்சிக்கொண்டு. லைனிங்கை விரலால் தேய்த்துப் பார்த்து, "கை வுரசாம இருக்கறதுக்கு. எவ்ளோ நுணுக்கமா தெச்சிருக்கா" என்றாள்.

எல்லாமே எங்கள் கண் முன்னால்தான் கிடந்தது. கறை, வாசனை, மெத்தென்ற துணி, அளவுக்கு மேல் தொளதொளவென்று விட்ட கை. கை பார்த்தே பிழைத்த என் அம்மா அத்தனையையும் பார்த்தாள். ஒரு சுருக்குக்கூடத் தவறாமல் பென்சிலால் வரைந்து எடுத்தாள். பிறகு ஜாக்கெட்டைப் பழையபடி புடவைக்கு அடியில் தொங்கவிட்டு, மடிப்பைக்கூடச் சரிசெய்தாள்.

சாலை திறந்தது. கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு வண்டி விட்டார்கள். ஏறும்போது டீச்சர் என் கன்னத்தைத் தட்டி, "உங்க வீட்லதான் நான் முந்தானைய இறக்கி உக்காந்தேன். தெரியுமா உனக்கு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டினேன். அம்மா, "தீபாவளிக்கு இங்கதான் சாப்பாடு. வராம இருந்துடாதீங்க" என்றாள்.

முதல் ஜாக்கெட்டை அம்மா தனக்குத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அப்பா சாப்பிட உட்கார்ந்து சோற்றில் கை வைக்காமல் அதையே பார்த்தார். "இன்னாடி இது? ஒரு கைக்குத் துணி பத்தலன்னா கேட்டு வாங்க வேண்டியதுதான?"

"கரும்பு வெட்டறவருக்கு மாடலப் பத்தி இன்னா தெரியும்? மெட்ராஸ்ல இதான் இப்ப."

"மெட்ராஸ்ல ஒரு கைக்கு மட்டும் குளிருதா?"

சலூனில் உட்கார்ந்திருந்த பையன்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் ரைஸ் மில் முதலாளியின் மருமகள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பட்டுத் துணில வெச்சுக் குடுங்கக்கா" என்றாள். அவள் போட்டால் சந்தே போடும். கம்பவுண்டர் வீட்டம்மா, பச்சை குத்தியிருப்பாளா என்று கேட்ட அதே வாயால், "எனக்கு டீச்சர் மாடல்" என்றாள். டீச்சர் மாடல் என்பது பெயராகவே நின்றுவிட்டது. தீபாவளி நெருங்க நெருங்க மெஷின் ஓயவில்லை. எண்ணெய் வாசமும் புதுத் துணியின் கஞ்சி வாசமும் வீடு முழுக்க. கடைத்தெருப் பெரிய தையல்கடைக்காரர் அனுப்பிய ஆள் வந்து, "அந்தக் கை எப்பிடின்னு ஒண்ணு குடுத்து அனுப்பச் சொன்னாரு" என்றான். அம்மா கொடுக்கவில்லை. வாழ்க்கையில் அவள் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எனக்கும் பாவாடை சட்டையில் இடது கை மட்டும் நீளம் வைத்துத் தைத்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தேவையில்லாமல் தூக்கித் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். சென்னையில் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் புடவைமேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்களே, அதை வைத்து இவள் வரிசையாக உடுப்புகள் செய்திருந்தாள். பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நடந்தார்கள். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நான் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், "ஷுகரா?" என்று கேட்டு மிட்டாய் கொடுத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். "அவங்க ஏன் அந்தச் சட்டையப் போடறாங்கன்னு கேட்டியா?"

"அம்மா, தெருதாம்மா எங்களுக்குப் பாடம். தினம் பஸ்ல போறப்ப பார்த்து வரைஞ்சது. அதான் இன்ஸ்பிரேஷன். கேட்டா கான்ஷியஸ் ஆயிடுவாங்க, இயல்பா இருக்காது."

"அழகாத்தான் இருந்துது. கேட்டிருக்கலாம்."

"எதுக்கும்மா உனக்கு இவ்ளோ டென்ஷன்?"

அவள் செய்தது தப்பா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளுடைய கண் அம்மாவின் கண். தூக்குவாளியோடு வண்டிக்குக் காத்திருந்தவளின் பசி அது. அந்தப் பசி இல்லாமல் யாரும் எதையும் உண்டாக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து இரண்டு வாரமாகியும் தூக்கம் சரியாக இல்லை.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. பெண்கள் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து வீசினார்கள். "வெந்த கைக்குத் தெச்சத எங்களுக்கு மாட்டி வுட்டியே, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் கம்பவுண்டர் வீட்டம்மா. அம்மா இடது கைகளை வெட்டி, விளிம்பு மடித்து, வலது கைக்குச் சமமாக்கிக் கொடுத்தாள். வெட்டிய துண்டுகள் ஒரு மூட்டையாக மெஷினுக்கு அடியில் ரொம்ப நாள் கிடந்தன. பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் தைத்ததெல்லாம் வட்டக் கழுத்து, அரைக் கை. சாகும்வரை. கடைத்தெருக்காரரிடம் புதுப்புது மாடலுக்குக் கூட்டம் நின்றபோதும் அவள் சாக்கட்டியைத் தரையில் வைக்கவில்லை.

டீச்சர் மலையில் இரண்டு பரீட்சைவரை இருந்துவிட்டு எங்கேயோ மாற்றிக்கொண்டு போனதாக மலை வண்டிக் கண்டக்டர் சொன்னார். எங்கே என்று அம்மா கேட்கச் சொல்லி நானும் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் தீபாவளியன்று பகல் வண்டியில் வருவதாக அதே கண்டக்டரிடம்தான் டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய், "டீச்சர் வராங்க. எல்லாரும் அதையே போட்டுக்கினு சந்துல நில்லுங்கடி. அவங்க மாடல ஊரே போட்டுக்கினு இருக்கறதப் பாத்தா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க!" என்றாள். முந்தானை விழுந்தால் இடது கை மறைந்துவிடுமே என்று, ஒவ்வொருத்திக்கும் மடிப்பு எடுத்துத் தோளிலேயே ஊக்கு குத்திவிட்டாள். எல்லோருடைய இடது கையும் நன்றாகத் தெரிந்தது. அதிரசம் சுட்ட எண்ணெய்ப் புகையும் பட்டாசுப் புகையும் சந்துக்குள் நின்றன. வெடித்த காகிதம் தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் கல்யாண வீட்டு வாசல்போல நின்றார்கள். நான் முன்னால் நின்றேன்.

அப்பாதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வந்தார். டீச்சர் ஒரு துணி மூட்டையில் மலைச் சாமை கட்டிக்கொண்டு வந்தார். இடது கையை முந்தானை விரல்வரை மூடியிருந்தது. சந்து முனையில் திரும்பியவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து நாலு எட்டு வைத்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

"டீச்சர், எப்பிடி இருக்குது?" என்று கம்பவுண்டர் வீட்டம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். வளையல் சத்தம் சந்து நீளத்துக்கும் ஓடியது. அம்மா வாசலில் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கி நின்றாள்.

டீச்சரின் கண் ஒவ்வொரு கையாகப் போனது. என் சட்டைக் கைக்கும் வந்தது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் இந்த வயதில் எனக்கு இவ்வளவு உறுத்தாது. கோபமே இல்லை. சாமை மூட்டையை அப்பாவிடம் கொடுத்தார். முந்தானைக்குள் தன் இடது கையைத் தானே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ரைஸ் மில் மருமகளிடம் போனார். அவளுடைய நீளமான பட்டுக் கையை, தொட்டால் வலிக்குமோ என்பதுபோல, வலது விரல் நுனியால் மெதுவாகத் தொட்டார். கண் நிறைந்துவிட்டது. தாழ்ந்த குரலில், அவளிடம் மட்டும் கேட்பதுபோலக் கேட்டார்:

"இத்தனை பேருக்குமா சுட்டுடுச்சு?"